கழுத்து முறுக்கிச் சாகும் கோழிகள்: படுவான்கரைத் தங்கச்சிக்கு ஒரு பதில்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வளவில் 23 ஊர்க்கோழிகள் நின்றன, ஐந்து நாளுக்குள் 9 செத்துவிட்டன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. இரண்டு பேடுகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றுகின்றன. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுத்துப் பார்த்தாராம், பிறகு பார்மசியில் கப்சூல் வாங்கி உடைத்துத் தண்ணீரில் கரைத்தும் கொடுத்தாராம். மிச்சம் இருக்கும் 14 ஐக் காப்பாற்ற முடியுமா, வியாபாரிக்குக் கொடுத்துவிடலாமா, கறிக்கு எடுக்கலாமா, 11 முட்டையோடு அடையில் இருக்கும் பேட்டை என்ன செய்வது, திரும்ப எப்போது கோழி வாங்கலாம் என்பவைதான் அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, நான் கால்நடைத் துறையில் வெளிக்கள வேலை செய்து ஓய்வு பெற்றவன். கிரானிலிருந்து வெல்லாவெளி வரைக்கும் வளவு வளவாக ஏறி இறங்கியிருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் என் மனதில் வந்த பெயர் ராணிக்கெட். இந்தியாவில் ராணிக்கெட் என்ற மலை ஊரில் கண்டதால் நம் பக்கத்தில் அந்தப் பெயர். இங்கிலாந்தில் 1926 இல் நியூகாசில் நகரத்துப் பக்கம் கண்டதால் உலகத்துக்கு அது நியூகாசில் நோய். இரண்டும் ஒன்றுதான். ஆனால் எழுத்தில் படித்து நோயை உறுதி செய்ய முடியாது. அதை எப்படி உறுதி செய்வதென்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் இன்றைக்கே, இருட்டுவதற்குள் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் எந்தக் கோழியையும் வெளியில் விடாதீர்கள். 14 ஐயும் பிடித்து அடையுங்கள். பிடிக்கும்போதே பாருங்கள்: இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி நிற்பது, தீன் எடுக்காதது, கழிச்சல் உள்ளது, கழுத்து முறுக்கியது எல்லாம் ஒரு பக்கம், துடிப்பாக நிற்பவை மறுபக்கம். வருத்தமான, அதாவது நோய் கண்ட, கோழிகளைக் கிணற்றுக்கும் கடப்புக்கும் எட்டத்தில், மற்றக் கூட்டுக்குக் காற்று அடிக்காத பக்கமாக, ஒரு பழைய கூட்டிலோ கவிழ்த்த கூடையிலோ வையுங்கள். தீன் சட்டி, தண்ணீர்ச் சிரட்டை எல்லாம் அவற்றுக்கு வேறு. நீங்கள் எப்போதும் நல்ல கோழிகளை முதலில் பாருங்கள், வருத்தக் கோழிகளைக் கடைசியில். அந்தப் பக்கம் போக ஒரு செருப்பு தனியாக வையுங்கள், வந்து சவர்க்காரம் போட்டுக் கை கால் கழுவுங்கள். இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் ஒரே ஆள் செய்தால் நல்லது.

இன்று துடிப்பாக நிற்கும் கோழிகளும் தப்பிவிட்டன என்று நினைக்க வேண்டாம். இந்தக் கிருமி உடம்புக்குள் போய் வருத்தம் காட்ட 2 முதல் 15 நாள் வரை எடுக்கும், பெரும்பாலும் 5, 6 நாள். ஆகவே இன்னும் சில சாகக்கூடும். நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் சாகும். தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் கடுமையான ராணிக்கெட் இறங்கினால் பத்தில் ஒன்பதைக்கூடக் கொண்டுபோகும். இது நச்சுயிரி நோய், வந்த பிறகு குணமாக்கும் மருந்து எங்கும் இல்லை. நீங்கள் கொடுத்த கப்சூல் நுண்ணுயிர்க்கொல்லி, அது பக்டீரியாவைத்தான் கொல்லும், இந்தக் கிருமியைத் தொடாது. நிறுத்திவிடுங்கள். மனிதருக்கான கப்சூலை அளவு தெரியாமல் தண்ணீரில் கலக்கும் பழக்கத்தால் நாளைக்கு நம் பிள்ளைகளுக்கே அந்த மருந்து வேலை செய்யாமல் போகும். மஞ்சளும் வெங்காயமும் கெடுதல் செய்யாது, ஆனால் ராணிக்கெட்டை நிறுத்தியதை என் அனுபவத்தில் ஒரு வளவிலும் நான் காணவில்லை. சுத்தமான தண்ணீர், அதில் கொஞ்சம் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), நிழல், ஈரமில்லாத தரை, ஊறவைத்த குருணல், இவ்வளவுதான் நீங்கள் கொடுக்கக்கூடியது. கழுத்து முறுக்கிய இரண்டும் தீனையே கொத்த முடியாமல் தவித்தால் கருணையோடு முடித்துவிடுங்கள். தப்பிப் பிழைத்தாலும் பல கோழிகளுக்கு அந்த முறுக்கல் வாழ்நாள் முழுக்க இருக்கும்.

வியாபாரி விஷயம். இதில் நான் கடுமையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். கொடுக்காதீர்கள். ஒன்றைக்கூட, பாதி விலைக்குக்கூட. மோட்டார் சைக்கிளில் கூடை கட்டி வருகிறவர் உங்கள் கடப்பால் வெளியே போனால் அன்றைக்கே இன்னும் பத்து வீட்டுக் கடப்பில் நிற்பார். அந்தக் கூடை கழுவப்படாது. சந்தைக்குப் போகும் கோழி அங்கே நிற்கும் கோழிகளுக்கு வருத்தத்தைக் கொடுக்கும், அவை ஏறாவூருக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் அக்கரைப்பற்றுக்கும் போகும். "சாகிறதுக்கு முன்னம் வித்தாக் கொஞ்சம் காசாவது மிஞ்சும்" என்று அயலில் சொல்லுவார்கள். ஊருக்குள் வருத்தம் நடக்கிற பாதைகளில் பெரியது அதுதான். கையில் காசில்லாத வீட்டுக்கு ஒரு கோழியின் விலை எவ்வளவு பெரியதென்று தெரிந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

பாதையைப் பற்றி ஒரு சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் செத்துக்கொண்டிருந்த கோழிகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையை மட்டும் கழுவிக்கொண்டு, அதே செருப்போடு அடுத்த ஊரில் ஒரு அம்மாவின் கூட்டுக்குள் ஏறினேன். அவருடைய கோழிகள் நல்லா நின்றன. ஆறாம் நாள் அவர் ஆளனுப்பினார். 30 க்கு மேல் இருந்த கோழிகளில் நாலுதான் மிஞ்சின. நான்தான் கொண்டுபோனேன் என்று நிரூபிக்க வழியில்லை, ஆனால் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து சைக்கிளில் ஒரு வாளியும் சவர்க்காரமும் தூரிகையும் இல்லாமல் நான் ஒரு வளவுக்கும் போனதில்லை. கிருமி எச்சத்திலும் மூக்குச் சளியிலும் வெளியே வரும், செருப்பில், சைக்கிள் டயரில், தீன் சாக்கில், முட்டை அட்டையில், நாய்க் காலில் ஒட்டிக்கொண்டு போகும். செத்த கோழியின் குடலைக் காகம் தூக்கிக்கொண்டு போய் நாலு வீடு தள்ளிப் போடும். கடையில் வாங்கிய இறைச்சிக் கோழியின் கழிவை வளவில் எறிவதும் அப்படித்தான்.

கறிக்கு எடுக்கலாமா? செத்ததை வேண்டாம், வருத்தமாக நிற்பதையும் வேண்டாம். நன்றாக வேகவைத்த இறைச்சியால் ராணிக்கெட் மனிதருக்கு வருவதில்லை, அது உண்மை. வருத்தக் கோழியைக் கையாண்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கண் சிவந்து சில நாள் நோகும், அவ்வளவுதான். ஆனால் அறுக்கும்போது வரும் இரத்தம், இறகு, குடல் எல்லாம் கிருமி நிறைந்தது, அதை வளவெங்கும் நீங்களே தெளித்ததாக ஆகும். கப்சூல் கொடுத்த கோழியின் இறைச்சியில் மருந்தும் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது ராணிக்கெட்தான் என்று இன்னும் யாரும் உறுதி செய்யவில்லை. பறவைக் காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும்: திடீர்ச் சாவு, தலையில் உள்ள பூ நீலம் பாய்வது, முகம் வீங்குவது, காலில் இரத்தம் கட்டுவது. தாராக்களைப் பாருங்கள். ராணிக்கெட் கிருமியைத் தாரா பெரும்பாலும் வருத்தம் காட்டாமலே சுமக்கும். தாராவும் கோழியும் சேர்ந்து சாகின்றன என்றால், அல்லது வாவிக்கரையில் காட்டுப் பறவைகளும் செத்துக் கிடக்கின்றன என்றால், கை வைக்காமல் உடனே மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். தொற்றுநோய்ச் சந்தேகத்தை அறிவிப்பது வளர்ப்பவரின் கடமை, 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருப்பது அதற்காகத்தான். அறிவித்தால் தண்டம் போடுவார்களோ என்று பயப்பட வேண்டாம்.

செத்தவற்றை வாவியிலோ வாய்க்காலிலோ றோட்டு ஓரத்திலோ போடாதீர்கள். படுவான்கரை மண்ணில் மூன்றடி தோண்டலாம். கிணற்றுக்கு எட்டத்தில், மேட்டுப் பக்கமாகத் தோண்டி, கோழிக்கு மேல் சுண்ணாம்பு தூவி, மண்ணை மிதித்து மூடி, நாயும் உடும்பும் கிண்டாமல் மேலே முள்ளோ கல்லோ வையுங்கள். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கத்து எழுவான்கரை மணலில் இருப்பவர்களுக்கும் இது தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்: மாரியில் அங்கே இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும், அந்தக் குழியில் புதைத்தால் அது கிணற்றுத் தண்ணீரோடு கலக்கும். அந்த மாதங்களில் எரிப்பதுதான் வழி, பொச்சும் விறகும் போட்டுச் சாம்பலாகும்வரை.

இனி உறுதி செய்வது. அடுத்து ஒன்று செத்தால் வெயிலில் கிடக்க விடாமல் உடனே இரண்டு பொலித்தீன் பைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டி, ஐஸ் போட்ட றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் வைத்து உங்கள் பிரிவு மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். உறையவைக்கக் கூடாது, உறைந்தால் உள்ளுறுப்பைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. போவதற்கு முன் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆய்வு தேவையென்றால் மாதிரியை அவர்கள் பேராதனைப் பக்கம் கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவார்கள். எப்போதிலிருந்து எத்தனை செத்தது, என்ன வயது, கடைசியாகப் புதுக் கோழி எப்போது வந்தது, தடுப்பு மருந்து போட்டதா என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போனால் வைத்தியரின் வேலை பாதி முடியும்.

எல்லாக் கழிச்சலும் ராணிக்கெட் அல்ல. மூன்று முதல் ஆறு கிழமைக் குஞ்சுகள் மட்டும் இரத்தமாகக் கழிந்து சாகின்றன என்றால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல், குடலில் வாழும் ஒட்டுண்ணியால் வருவது. அதற்கு அம்புரோலியம் என்ற மருந்து உண்டு, நேரத்தோடு கொடுத்தால் பிழைக்கும். அந்த ஒட்டுண்ணியின் முட்டை வழக்கமான கிருமிநாசினிகளுக்கு அசையாது, ஈரமும் சூடும் இருந்தால் இரண்டு நாளில் தொற்றத் தயாராகிவிடும். ஆகவே அதற்கு உண்மையான மருந்து காய்ந்த தரைதான். 2011 சனவரி வெள்ளம் வடிந்த பிறகு நம் பக்கத்தில் குஞ்சு வளர்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உமியை மாற்றுங்கள், தண்ணீர்ச் சிரட்டையை எச்சம் விழாத உயரத்தில் வையுங்கள், மாரி தொடங்கும் முன் கூட்டின் தரையை உயர்த்துங்கள்.

முகம் ஒரு பக்கமாக வீங்கி, மூக்கால் வடிந்து, கிட்டப் போகவே நாறுகிறதென்றால் அது பக்டீரியாவால் வரும் சளி நோய். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி வேலை செய்யும், ஆனால் வைத்தியர் எழுதித் தந்த அளவில். குணமான கோழி கிருமியைச் சுமந்துகொண்டே நிற்கும் என்பதால் அதைப் புதுக் கோழிகளோடு சேர்க்கக் கூடாது.

அம்மையை எல்லோருக்கும் தெரியும். பூவிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வந்து கறுத்துப் பொருக்குக் கட்டும். மார்கழி, தையில் வயல் தண்ணீரில் நுளம்பு பெருகும்போது இது கூடும், ஏனென்றால் கொண்டுவருவதே நுளம்புதான், கோழிக்குக் கோழி காயத்தாலும் பரவும். இதற்கும் மருந்தில்லை, ஆனால் பெரும்பாலான கோழிகள் மூன்று நாலு கிழமையில் தேறிவிடும். சாகிறவற்றில் பல அம்மையால் சாவதில்லை, கண் மூடிப்போய்த் தீன் தெரியாமல் பட்டினியால் சாகின்றன. ஆகவே கண்ணை இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் துடைத்து, கையால் தீனும் தண்ணீரும் ஊட்டுங்கள். பொருக்கில் அம்மம்மா பூசிய மஞ்சளும் வேப்பிலையும் பூசலாம், கெடுதல் இல்லை. பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாய்க்குள் மஞ்சள் படலம் கட்டி மூச்சு அடைத்தால்தான் ஆபத்து. இதற்குச் செட்டைத் தோலில் குத்தும் தடுப்பு மருந்து உண்டு, ஐப்பசி மழைக்கு முன்பே போட வேண்டும். ஏழெட்டு நாள் கழித்துக் குத்திய இடத்தில் சின்னத் தடிப்பு வந்திருந்தால் மருந்து பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஊர்க்கோழி வேலி பார்த்து மேய்வதில்லை. உங்கள் 23 ம், பக்கத்து வளவு 10 ம், பின் வளவு 15 ம் ஒரே ஒழுங்கையில் ஒரே குப்பையைக் கிளறுகின்றன. வருத்தத்தின் கணக்கில் அது ஒரே கூட்டம். நீங்கள் மட்டும் மருந்து போட்டு, நீங்கள் மட்டும் அடைத்து வைத்துப் பிரயோசனம் குறைவு. அதனால் இன்றைக்கே அயலில் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, "எங்கட வளவில கோழி சாகுது, உங்கடயளை அடைச்சு வையுங்க, ஒராளும் இஞ்சால வராதையுங்க" என்று சொன்னால் போதும். மறைத்த வீட்டால் ஒரு ஒழுங்கையே வெறுமையானதை நான் கண்டிருக்கிறேன்.

தடுப்பு மருந்தும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. ராணிக்கெட் சொட்டு மருந்துக் குப்பி ஒன்று 100 கோழிக்கோ அதற்கு மேலோ போதுமானதாக வரும். பிரித்துக் கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. "பத்துக் கோழிக்கு ஒரு குப்பியா" என்று எண்ணித்தான் பலர் போடாமலே விடுகிறார்கள். ஒழுங்கையில் எட்டு வீடு சேர்ந்தால் ஒரே குப்பி ஒரே காலையில் முடியும், செலவும் பிரிந்துவிடும். முதல் நாள் இரவே எல்லோரும் கோழியை அடைத்து வைக்க வேண்டும், விடிந்து கூடு திறந்தால் பிடிக்க முடியாது. குப்பியை அலுவலகத்திலிருந்து ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டிய மருந்து அது. சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வெயிலில் சைக்கிள் ஓடினால் கையில் இருப்பது வெறும் தண்ணீர். "மருந்து போட்டும் செத்தது" என்ற முறைப்பாடு வந்த இடங்களில் நான் விசாரித்தபோது பெரும்பாலும் கதை இந்தப் பொக்கற்றில்தான் முடிந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதில் கரைத்தாலும் மருந்து செத்துவிடும். தந்த கரைப்பானையே பயன்படுத்துங்கள். ஒரு கண்ணில் ஒரு சொட்டு, கோழி கண் வெட்டி உள்ளே இழுக்கும்வரை கையில் பிடித்திருங்கள். குஞ்சு பொரித்த முதல் கிழமையில் ஒரு தடவை, மூன்று நாலு கிழமை வயதில் இன்னொரு தடவை, பிறகு மூன்று நாலு மாதத்துக்கு ஒருக்கா. பாதுகாப்பு வர ஒன்று இரண்டு கிழமை எடுக்கும். சித்திரைப் புத்தாண்டுக்குக் கோழிகள் கைமாறத் தொடங்கும் முன்பும், மாரிக்கு முன்பும் ஒரு சுற்று வரும்படி நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் மிச்சம் நிற்பவற்றுக்கு இப்போதே சொட்டுப் போடலாமா என்பதை வந்து பார்க்கும் வைத்தியர் தீர்மானிக்கட்டும். ஏற்கெனவே கிருமி உள்ளே போன கோழியை அது காப்பாற்றாது. வருத்தமில்லாத அயல் கோழிகளுக்குப் போடுவதில் தாமதிக்க வேண்டாம், ஆனால் உங்கள் வளவில் கோழி பிடித்த ஆள் அந்த வேலைக்குப் போகக் கூடாது.

கடைசிச் சாவு நடந்த நாளைச் சுவர்க் கலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து 21 நாள் புதிதாக ஒன்றும் வருத்தப்படாவிட்டால் வருத்தம் கடந்துவிட்டதென்று எடுக்கலாம். அதற்குள் கூட்டைச் சுத்தம் செய்யுங்கள். முதலில் எச்சத்தையும் உமியையும் சுரண்டி எடுத்துப் புதைக்க வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றும் கிருமிநாசினி வீண். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, காய்ந்தபின் குளோரின் தூளைப் பையில் எழுதிய அளவில் கரைத்து ஊற்றுங்கள். பழைய கிடுகையும் வெடித்த கம்புகளையும் எரித்துவிடுங்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். கச்சான் காற்றும் வெயிலும் உள்ள மாதத்தில் ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்த கூடு பயமில்லாத கூடு. மாரியென்றால் இன்னும் சில கிழமை பொறுங்கள். புதிதாக வாங்கும்போது சந்தையில் கண்ணில் பட்டதை வாங்காமல், தடுப்பு மருந்து போட்டதென்று தெரிந்த இடத்தில் எடுங்கள், எடுத்தும் இரண்டு மூன்று கிழமை தனியாக அடைத்துப் பார்த்த பிறகே பழைய கோழிகளோடு விடுங்கள். தப்பிய பழைய கோழிகளுக்கு எதிர்ப்பு இருக்கும், புதியவற்றுக்கு இருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

அடைப் பேடு பாக்கி. வருத்தம் தொடங்கிய பிறகு இட்ட முட்டைகளை எடுத்துப் புதைத்துவிடுங்கள், ஓட்டில் எச்சத்தோடு கிருமி ஒட்டியிருக்கும். அதற்கு முன் இட்டவையாக இருந்து, பேடும் துடிப்பாகத் தீன் எடுத்து எழும்பி இருந்தால் அப்படியே தனி அறையில் அடையில் இருக்கட்டும், அவளுக்குத் தீன் வைக்கும் முறை நல்ல கோழிகளின் முறையோடு, முதலில். பொரித்தால் குஞ்சுகளை அந்த வளவு மண்ணில் இறக்காமல் ஒரு பெட்டியில் தாயோடு வையுங்கள். ஒழுங்கையில் அடுத்த சுற்றுச் சொட்டு மருந்து போடும் காலையை அந்தக் குஞ்சுகளுக்கு ஒரு கிழமை வயதாகும் நாளாகப் பார்த்து வைத்தால், அதே குப்பியில் அவற்றுக்கும் ஒவ்வொரு சொட்டு வரும்.